தராசில் ஏறாத தகடு

மாம்புரியில் முத்தலிபு பாஸின் கராஜுக்கு வாகனம் கொண்டுபோகிறவர்கள் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்வது ஏச்சைத்தான். வேலை அதற்குப் பிறகு. வாகனத்தின் உடம்பைத் தட்டி, நிமிர்த்தி, கிழிந்த இடத்தை வெல்டிங் பிடிக்கிற டிங்கரிங் தொழிலில் பாலாவியிலிருந்து கற்பிட்டி வரைக்கும் அவருக்கு நிகரான ஆள் இல்லை. அதனால் ஏச்சைத் துடைத்துப் போட்டுவிட்டு மறுபடியும் அவரிடமே வருவார்கள். அப்படி வருகிறவர்களையும் அவர் மதிப்பதில்லை. மானமுள்ளவன் என்றால் வேறு கராஜைத் தேடிப் போயிருப்பானே என்பது அவருடைய கணக்கு.

அவருடைய இளக்காரத்தில் முதல் பங்கு யாருக்கென்றால், மணலிலும் காட்டுப் பாதையிலும் ஓடவென்று பழைய ஃபோர்வீல் வான்களை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் பூட்டி, வெளியே ஓர் இரும்புக் கடையையே தொங்கவிடுகிறார்களே, அவர்களுக்கு. முன்னால் காளைமாட்டுக்குப் பயந்தவன் கட்டியது மாதிரி ஒரு கம்பி பம்பர். அதற்குள், மணலில் வான் புதைந்தால் இழுக்க ஒரு மோட்டார். கூரையில் இரும்புச் சட்டம், சட்டத்தின் மேல் விரிக்கிற கூடாரம், கூடாரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தாங்கி. பின்கதவில் ஏணி, ஸ்பெயார் டயர், இரண்டு பெற்றோல் கேன். பின்கதவு என்பது இரண்டு பிணைச்சலில் நிற்கிற மெல்லிய தகரம். திறந்து மூடுவதற்கென்று செய்தது. அதில் ஒரு ஆளின் பாரத்தைக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் குதித்தால் பிணைச்சல் தாங்கும், பிணைச்சலைப் பிடித்திருக்கிற தூண் தாங்காது. இது தெரியாமல் "பாஸ், கதவு தொங்குது, என்னண்டு பாருங்க" என்று வந்து நிற்பார்கள்.

"அலுமாரிய முதுகுல கட்டிக்கிட்டுக் கடல் குளிக்கப் போற ஆள் நீங்க. ஒங்கட கதவு தொங்காம வேற என்ன செய்யும்?" என்பார் முத்தலிபு.

அதோடு விடமாட்டார். அவருடைய கராஜில் ஒரு சட்டம் உண்டு. கொண்டுவந்த வாகனத்தில் பூட்டியிருக்கிற மேலதிகச் சாமான் அத்தனையையும் சொந்தக்காரரே கழற்றி இறக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் பக்கத்துக் கருவாட்டுக் கடை ஜவ்பருடைய தொங்கு தராசில் மாட்ட வேண்டும். ஜவ்பர் முள்ளைப் பார்த்து எடையைச் சத்தம் போட்டுச் சொல்வான். கடைக்கு வந்தவர், ரோட்டில் போகிறவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர் எல்லாரும் கேட்பார்கள். முத்தலிபு வெண்கட்டியால் கராஜின் கறுத்த சுவரில் சொந்தக்காரரின் பெயரையும் மொத்த எடையையும் எழுதுவார். வேலை முடிந்து வாகனம் போனாலும் பெயர் போகாது. சாமான்கள் கருவாட்டு மணத்தோடு கொழும்புக்குத் திரும்பும். பொறியியலாளர் ஒருவர், இரண்டு டொக்டர்மார், ஒரு ஹோட்டல் முதலாளி என்று அந்தச் சுவரில் பெரிய மனிதர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் எழுபது கிலோ, ஒருவர் நூற்றுப்பத்து. எழுதி முடித்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்து சுவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பலர் பாதிச் சாமானைக் கராஜிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பாரத்தின் மேல் அவருக்கு இருந்த வெறுப்பு இன்று நேற்று வந்ததல்ல. தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. கையில் ஒரே ஒரு பை. அதே வள்ளத்தில் ஒருவர் தையல் மெசினை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். தண்ணீர் உள்ளே ஏறத் தொடங்கியதும் வள்ளக்காரன் அதைப் பிடுங்கிக் கடலில் போட்டான். அந்த மனிதர் அழுதார். முத்தலிபுக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பச்சைக் குழந்தைகள் இருக்கிற வள்ளத்தில் இரும்பை ஏற்றியவன் என்ன மனிதன் என்று இன்றைக்கும் கேட்பார். அந்த மனிதருக்கு அந்த மெசின்தான் சோறு போட்டது என்று யாராவது சொன்னால், "எனக்கும்தான் சோறு வேணும், நான் கடல்ல எரும்ப ஏத்தினனா?" என்பார்.

பாரத்துக்கு அடுத்தபடியாக அவர் காறித் துப்புவது பட்டி பூசுகிறவர்களை. வெடித்த இடத்தை வெட்டி எடுத்து ஒட்டாமல், பட்டி என்கிற பசையை அப்பி, தேய்த்து, மேலே பெயின்ற் அடித்து அனுப்புகிற பாஸ்மார் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர். "அது வேல இல்ல, களவு. களவெடுக்கிறவனாவது இருட்டுல செய்றான், இவன் பகல்ல செய்றான்" என்பார். அவரிடம் வேலை பழக வந்த இரண்டு பேரில் ஒருவன் ஒரு நாள் ஒரு சின்ன ஓட்டையில் பட்டி வைத்தான். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மற்றவன் ஏச்சுத் தாங்காமல் தானே போனான். அன்றிலிருந்து தனியாள்.

இவ்வளவு இளக்காரமும் சேர்த்து வைத்திருந்த மனிதருக்கு வாய்த்த மருமகன் ஸாஜித்.

ஸாஜித் கெட்டவன் இல்லை. ஆனால் கற்பிட்டிக் களப்பில் பட்டம் கட்டித் தண்ணீரில் சறுக்க வருகிற வெள்ளைக்காரருக்கு வாடகைக்குக் கொடுக்க, முத்தலிபு எதை வெறுத்தாரோ அதே மாதிரி ஒரு வானை வாங்கினான். வாங்கியதோடு நிற்காமல் ஃபோனில் பார்த்த படங்களில் இருந்த சாமானையெல்லாம் அதில் பூட்டினான். வெள்ளைக்காரருக்கு அதுதான் பிடிக்குமாம். மகள் அஸ்ரியாவும் அவனும் கற்பிட்டியில் குடியிருந்தார்கள். பெருநாளைக்கு அங்கே போனால் முத்தலிபு வாசலில் நிற்கிற வானைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போவார், அப்படியே வெளியே வருவார்.

போன வருடம் சீசன் தொடங்குவதற்கு முன்னால் அந்த வானின் பின்கதவு தொங்கிவிட்டது. ஸாஜித் கொண்டுவந்தான். மருமகன் என்பதற்காகச் சட்டம் மாறவில்லை. மாறாக, அன்றைக்கு முத்தலிபுவின் வாயில் மரியாதை பொங்கி வழிந்தது. மற்றவர்களுக்கு ஏச்சு, மருமகனுக்கு மரியாதை. இரண்டும் ஒரே சாமான்தான் என்பது கேட்டுக்கொண்டு நின்ற எல்லாருக்கும் விளங்கியது.

"மருமகன், அந்த டயரையும் தூக்கி மாட்டுங்க. ஒங்களுக்குக் கஷ்டமா ஈந்தா ஜவ்பர் புடிப்பான். ஓ, ஏணியும் ஈக்குதா? சந்திரனுக்கு ஏறுறதுக்கா மருமகன்?"

நூற்று நாற்பத்து மூன்று கிலோ. சுவரில் அதுவரை இருந்த எல்லாப் பெயர்களையும் ஸாஜித் தாண்டிவிட்டான். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் கூடச் சிரித்தார்கள். ஸாஜித் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

கதவை முத்தலிபு சரி செய்த விதம்தான் முக்கியம். தூணில் வெடிப்பை ஒட்டிய பிறகு, வெட்டிப் போட்ட உப்பு லொறியொன்றின் அடிச்சட்டத்திலிருந்து கனத்த இரும்புத் தகடுகள் நான்கு அறுத்து எடுத்தார். இரண்டைத் தூணில், இரண்டைக் கதவில், பிணைச்சலுக்குப் பின்னால் வைத்து நான்கு பக்கமும் இடைவெளியில்லாமல் வெல்டிங் பிடித்தார். அவ்வளவு கனம் தேவைப்படவில்லை. ஆனால் இந்த மருமகன் எத்தனை மலையைத் தொங்கவிட்டாலும் தன் வேலை அசையக் கூடாது என்கிற வீம்பு அவர் கையில் ஏறியிருந்தது. முடித்துவிட்டுக் கதவில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

"இந்த வான் செத்து மய்யத்தானாலும் இந்தக் கதவு கழண்டு உழாது. எழுதி வெச்சிக்கோங்க மருமகன்."

ஒரு வருடம் போனது. இந்தச் சித்திரையில் ஒரு நாள் காலை அஸ்ரியா தனியாகப் பஸ்ஸில் வந்து கராஜ் வாசலில் இறங்கினாள்.

"வாப்பா, கதவு திரும்பவும் உட்டிருச்சி. அந்த வெளிப் பக்கமெல்லாம் பெயின்ற் வெடிச்சிப் பொடிப் பொடியாக் கொட்டுது."

"தெரியும். கட்டித் தொங்கவிட்டா அப்படித்தான்."

"அத விடுங்க. அவர் பாஸ்போட்ட மதுரங்குளி ஏஜன்சிக்குக் குடுத்திட்டார். கட்டாருக்கு, வேலைக்கு. வெள்ளிக்கெழம மெடிக்கல். வானப் பழைய எரும்புக்கு விக்கப் போறாராம். எனக்கும் புள்ள ஸஹ்றாவுக்கும் இனி ஃபோன்ல தான் அவர் மொகம்." அவள் அழவில்லை. வாப்பாவின் முன்னால் அழுது பலனில்லை என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். "வானக் கொண்டு வாறார். வாப்பா பாத்துச் சரி செய்யேலும் எண்டு செல்லுங்க, அவர் நிப்பார். ஏலாது எண்டு செல்லுங்க, போயிருவார். ஒங்கட வாயிலதான் ஈக்குது."

"எண்ட வாய்ல ஒண்டும் இல்ல. வான்ட ஒடம்புல ஈக்கிறதத்தான் நான் செல்லுவன்" என்றார் முத்தலிபு. தன் பதில் அவருக்கே பிடித்திருந்தது.

பத்து மணிபோல ஸாஜித் வானைக் கொண்டுவந்து நிறுத்தினான். முத்தலிபு அதைச் சுற்றி வந்து பார்க்கவில்லை. அதற்கு முதல் சுவரில் இடம் பார்த்தார். போன வருட நூற்று நாற்பத்து மூன்றுக்குக் கீழே நல்ல அகலமாக ஒரு இடம் துடைத்துக்கொண்டார். வெண்கட்டியை விரலில் உருட்டினார். ஜவ்பர் தராசைக் கொளுவினான். வழக்கமான கூட்டமும் கூடியது.

"எறக்குங்க மருமகன், எறக்குங்க. இந்த முற எரநூறத் தொட்டிருப்பீங்க எண்டு நான் நெனக்கன்."

ஸாஜித் கூரைச் சட்டத்தைக் கழற்றினான். "இருவத்திரெண்டு!" என்றான் ஜவ்பர். கதவிலிருந்து கழற்றி உள்ளே வைத்திருந்த ஏணி. "ஒம்பது!" பக்கத்தில் சுருட்டிக் கட்டியிருந்த நிழல் துணி. "ஏழு!"

அதற்குப் பிறகு தராசு சும்மா தொங்கியது.

"மத்ததெல்லாம் எங்க?"

"அவ்வளவுதான் மாமா."

"கூடாரம்? தண்ணித் தாங்கி? அந்தக் கேன்? வீட்டுல ஒளிச்சி வெச்சிட்டா வந்தீங்க?"

பதில் அஸ்ரியாவிடமிருந்து வந்தது. "ஒளிக்க இல்ல வாப்பா. போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கே எல்லாத்தயும் வித்திட்டார். முன் பம்பரையும் மாத்திட்டார். டயரு உள்ளுக்கு, கட்டிலுக்குக் கீழ. நீங்க இஞ்ச வெச்சி அவர ஊர் சிரிக்க வெச்ச பொறகு கதவுல ஒரு துணி கூடக் காயப் போட விடல்ல. பெருநாளைக்கு வந்தீங்களே, வானத் திரும்பிப் பாத்தீங்களா?"

முப்பத்தெட்டு. சுவரில் எழுதினால் வெட்கக்கேடு, அவனுக்கல்ல. முத்தலிபு வெண்கட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டார். அன்றைக்கு முதன்முறையாக வானின் பின்பக்கம் போனார்.

கதவை மெல்லத் திறந்தார். அது கையோடு ஒரு அங்குலம் கீழே இறங்கியது. பெயின்ற்றைச் சுரண்டினார். வெல்டிங் உடையவில்லை. அவர் பிடித்த வெல்டிங் பிடித்தபடியே இருந்தது, தகடும் கல்லுப் போல இருந்தது. தகட்டைச் சுற்றியிருந்த மெல்லிய தகரம்தான் கிழிந்திருந்தது. தகட்டின் விளிம்பு எங்கே போகிறதோ அதே வழியில், மேலே, பக்கத்தில், கீழே, நேர்கோடாக. கொப்பித் தாளில் அடிமட்டத்தை அழுத்திப் பிடித்துக் கிழித்தால் எப்படிக் கிழியுமோ அப்படி. வான் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் உடம்பு கொஞ்சம் முறுக வேண்டும். தகடு முறுகாது. எனவே தகடு முடிகிற இடத்தில் தகரம் தனியாக முறுகி முறுகிக் களைத்துப் போய்க் கிழிந்திருந்தது. கதவிலிருந்த தகடுகளும் அப்படியே. முப்பத்தைந்து வருடம் தகரம் தட்டியவருக்கு இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். போன வருடமே தெரிந்திருக்க வேண்டும். தெரியாமலும் இல்லை. மருமகனை மட்டம் தட்டுகிற ஆசை தொழிலை மறக்க வைத்திருந்தது.

எல்லாரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 'பாரத்தால வந்தது, உடம்பு முடிஞ்சுது' என்றால் அத்தோடு சரி. யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். ஸாஜித் கூட நம்புவான். வான் இரும்புக் கடைக்குப் போகும், ஸாஜித் கட்டாருக்குப் போவான், முத்தலிபுவின் பெயர் இருந்த இடத்தில் இருக்கும். இல்லாவிட்டால் 'சரி செய்யலாம்' என்று சொல்லி, சத்தமில்லாமல் கிழிசலை ஒட்டி, மேலே பட்டியும் பெயின்ற்றும் போட்டு அனுப்பலாம். மூன்று மாதம் தாங்கும். பட்டி என்ற சொல் தன் மனதில் வந்ததே அவருக்கு அருவருப்பாக இருந்தது. வேறு யார் வாயிலாவது வந்திருந்தால் அவன் பல்லை உடைத்திருப்பார்.

அவர் இரும்பு அரைக்கும் மெசினை எடுத்தார். தீப்பொறி பறக்க, நான்கு தகடுகளையும் ஒவ்வொன்றாக அறுத்தார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. பஸ் வந்தது, கூட்டத்தில் பாதி அதில் ஏறிப் போகவில்லை. ஆறியதும் நான்கையும் ஒரு கம்பியில் கோத்துத் தூக்கிக்கொண்டு போய்த் தராசில் மாட்டினார்.

ஜவ்பர் முள்ளைப் பார்த்தான். கருவாட்டை அடுக்கத் திரும்பினான்.

"வாசி" என்றார் முத்தலிபு.

"என்னத்துக்கு முத்தலிபு நானா இப்ப..."

"ஊரான் சாமானுக்குத் தொண்ட கிழியக் கத்தினாய்தானே? வாசி!"

"பதினொண்டர" என்றான் ஜவ்பர், கருவாடு வாங்க வந்தவருக்குக் கூடக் கேட்காத குரலில்.

"பதினொண்டரக் கிலோ!" என்று முத்தலிபு தானே ரோட்டைப் பார்த்துக் கத்தினார். "நான் கட்டித் தொங்கவிட்டது. இந்த வான்ட கதவக் கிழிச்சது மருமகன் இல்ல. நான்."

சுவருக்குப் போனார். துடைத்து வைத்திருந்த அந்த அகலமான இடத்தில் 'முத்தலிபு' என்று எழுதினார். பக்கத்தில் 11½ போட்டார்.

"எழுத வேணாம் மாமா" என்றான் ஸாஜித்.

"பொத்துங்க வாய. சுவருல பேர் ஈக்கணும்."

ஸாஜித் சுவரில் தன் பெயரை விரலால் காட்டினான். பிறகு அமைதியாகச் சொன்னான்: "ஒரு வருசமா மாமா, களப்படியில என்னக் கண்டா நூத்தி நாப்பத்தி மூணு எண்டுதான் கூப்பிடுறானுகள். வெள்ளக்காரனுகளுக்கும் செல்லிக் குடுத்திட்டானுகள். கட்டாருக்குப் போனா அங்க அந்தப் பேர் வராது எண்டுதான் போறன். வானால இல்ல."

முத்தலிபுக்கு வெட்கமாக இருந்தது, உண்மையான வெட்கம். வள்ளத்தில் தையல் மெசின்காரருடைய முகம் ஏனோ கண்ணுக்குள் வந்து போனது. பக்கத்தில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து, சுவரில் 'ஸாஜித் 143' என்றிருந்ததை அழுத்தித் துடைத்தார். அந்தச் சுவரில் இருந்து ஒரு பெயர் அழிந்தது அதுதான் முதல் தடவை.

"நாலு நாள் வேணும்" என்றார். "வெள்ளிக்கெழம வான் ரெடி. மெடிக்கலுக்குப் போறதா, வானுக்கு வாறதா எண்டு மருமகன் பாத்துக்கோங்க."

நான்கு நாளும் அவர் யாரையும் ஏசவில்லை. வெடிப்பின் முனைகளில் சிறு ஓட்டை துளைத்து, அது மேற்கொண்டு ஓடாமல் நிறுத்தினார். கிழிந்த தகரத்தை வெட்டி, அதே கனத்தில் புதுத் தகரம் வைத்தார். தூணுக்கு உள்ளே மெல்லிய நீளத் தகரமொன்றைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஓடவிட்டார், பாரம் ஒரே இடத்தில் விழாமல் பரவிப் போகும்படி. பட்டி ஒரு சொட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன் ஸாஜித் வந்தான். மதுரங்குளியிலிருந்து பாஸ்போட்டைத் திருப்பி வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். கதவைத் திறந்தான், மூடினான். ஒரு விரலால் தள்ள மூடியது. நன்றி சொல்லவில்லை. முத்தலிபுவும் எதிர்பார்க்கவில்லை. "துணியக் காயப் போடலாம்" என்று மட்டும் சொன்னார், "ஏணியப் பூட்டாதீங்க."

அதோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் அவரைத் தெரியாது என்று அர்த்தம். அடுத்த கிழமையே சிலாபத்திலிருந்து ஜெயந்தன் என்று ஒரு வங்கி உத்தியோகத்தர், கூரை தெரியாமல் சாமான் கட்டிய வானொன்றோடு வந்து இறங்கினார். முத்தலிபு ஏச்சைத் தொடங்கிவிட்டார். ஜெயந்தன் ஏச்சு வாங்கிக்கொண்டே சுவரைப் படித்தார். பாஸை அவருக்குப் பாஸ் என்றுதான் தெரியும், பெயர் தெரியாது.

"எல்லாரும் எழுபது, நூறு எண்டு இருக்கினம். இந்த முத்தலிபு எண்டவர் பதினொன்றரைதானே பாஸ்? பாவம், அந்தாளை ஏன் சுவரில போட்டீங்க?"

"பாவமா?" என்றார் முத்தலிபு. "இந்தச் சுவருல ஈக்கிறவனுகள்ல அவன்தான் பெரிய மடையன். மத்தவன் தெரியாமத் தொங்கவிட்டான். அவன் தொழில் தெரிஞ்சவன்."

சொல்லிவிட்டு வெண்கட்டியை எடுத்தார்.

"கதைக்காம சாமான எறக்குங்க."